ஒரு நகரத்தின் நூல்நிலையம்

ஒருவர் வீட்டில் நூறு நூல்கள் இருக்குமாயின் அவை அவருடைய செல்வம். அவற்றுள் ஒன்றை அயல்வீட்டுப் பிள்ளை இரவலாகப் பெற்றுச் சென்று, படித்து, மறுவாரம் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கும் நாளில் அவ்வூரில் ஒரு நூல்நிலையம் பிறந்துவிடுகின்றது. கட்டடமும் பெயர்ப்பலகையும் நூலகரும் பின்னர் வருவன. யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தின் வரலாறும் இவ்வாறே ஒரு வீட்டில் தொடங்கியதாகும்.

1933ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற உத்தியோகத்தராக விளங்கிய க. மு. செல்லப்பா என்பவர், தம்மிடமிருந்த நூல்களைத் தம் இல்லத்தில் வைத்து, கேட்டு வந்தோர்க்குப் படிக்கக் கொடுத்து வந்தார். காலையிற் கந்தோருக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் ஓர் அரச ஊழியர் தம் ஓய்வு நேரத்தில் மேற்கொண்ட பணி இது. நாளடைவில் வாசகர் பெருகினர், நூல்கள் போதவில்லை. ஒரு வீட்டின் அலுமாரி ஒரு நகரத்தின் அறிவுப்பசியைத் தணிக்க மாட்டாது என்பதை அவர் உணர்ந்தார். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்துக்கு ஒரு மத்திய இலவசத் தமிழ் நூல்நிலையம் வேண்டும் என வற்புறுத்தி ஆங்கிலத்தில் ஒரு வேண்டுகோள் அறிக்கையை வெளியிட்டார். அவ்வறிக்கையே இந்நூல்நிலையத்தின் முதற் கல் எனலாம்.

அவ்வேண்டுகோளின் அருமையை அறிய வேண்டுமாயின், அதற்கு முற்பட்ட நூற்றாண்டினைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணம் கல்விக்குப் பெயர் பெற்ற நாடு. பனைமரம் அந்நாட்டவர்க்கு உணவும் உறையுளும் தந்தது போலவே ஏடும் தந்தது. ஓலையைப் பதப்படுத்தி, நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் எழுதி, எழுத்து விளங்கும் பொருட்டு மை தடவி, கயிற்றிற் கோத்து, சட்டங்களுக்கு இடையே கட்டி வைத்தனர். வைத்தியர் வீட்டில் வைத்திய வாகடங்களும், சோதிடர் வீட்டில் சோதிட நூல்களும், புலவர் வீட்டில் இலக்கண இலக்கியங்களும் இருந்தன. ஆயினும் அவை வீட்டுச் சொத்துக்களாகவே இருந்தன. தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்றன. மைந்தனுக்கு அக்கல்வியில் நாட்டமில்லாதவிடத்து, சரசுவதி பூசையன்று மட்டும் வெளியே எடுக்கப்பெற்றுச் சந்தனம் சாத்தப்பெற்றுப் பின்னர் பரணுக்கே மீண்டன. கறையானும் மழையும் எஞ்சியவற்றைப் பார்த்துக்கொண்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அச்சு வந்தது. அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய உயர்கல்விக் கழகம் நூல்களைத் தொகுத்து வைத்து மாணவர்க்கு உதவியது. 1841ஆம் ஆண்டில் உதயதாரகை என்னும் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் பெற்று வந்து, பாடநூல்களையும் சமய நூல்களையும் பிழையறப் பதிப்பித்தார். சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, அழியும் நிலையிலிருந்த பழந்தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்து, வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றினார். கையில் எடுத்த மாத்திரத்தே ஓரம் உதிர்ந்த ஏடுகளைக் கண்டு அவர் வருந்திய வருத்தத்தை அவருடைய பதிப்புரைகள் இன்றும் உரைக்கின்றன.

இவ்வளவு நிகழ்ந்த பின்னரும் ஒரு குறை எஞ்சியே நின்றது. நூல் அச்சாகிவிட்டது, ஆனால் விலை கொடுத்து வாங்க இயலாதவன் அதனை எங்கே படிப்பான்? கல்லூரிகளில் இருந்த நூல்கள் அக்கல்லூரி மாணவர்க்கே உரியன. கற்றோர் வீட்டு நூல்கள் அவர்தம் நண்பர்க்கே எட்டுவன. கிராமங்களிலே வாசிகசாலைகள் தோன்றிப் பத்திரிகை வாசிக்கும் வழக்கத்தை வளர்த்தன. எனினும் அன்றைய செய்தித்தாளோடு அவற்றுட் பலவற்றின் பணி முடிந்தது. கொழும்பிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றிய கொழும்பு நூல்நிலையமும் பேட்டை நூல்நிலையமும் ஒன்றாக இணைக்கப்பெற்று, 1925ஆம் ஆண்டில் பொது நூல்நிலையமாக மலர்ந்தன. வடக்கேயிருந்த இந்தச் சிறு பட்டினத்துக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. செல்லப்பாவின் அறிக்கை இக்குறையையே சுட்டியது.

அறிக்கைக்கு நற்பயன் விளைந்தது. 1934ஆம் ஆண்டு யூன் மாதம் 9ஆம் திகதி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மண்டபத்திலே ஒரு பொதுக்கூட்டம் கூடியது. நீதிபதி சி. குமாரசுவாமி தலைமை தாங்கினார். நூல்நிலையம் ஒன்றை அமைப்பதென முடிவாகி, அதற்கென ஒரு குழுவும் தெரிவு செய்யப்பெற்றது. பணம் சேர்க்கப்பட்டது, சேர்ந்த தொகை ஆயிரத்து இருநூறு ரூபாவுக்கும் குறைவு. அன்பர்கள் நூல்களை நன்கொடையாக வழங்கினர். ஆகத்து மாதம் முதலாம் திகதி, ஆசுப்பத்திரி வீதியில் வாடகைக்குப் பெற்ற ஒரு சிறிய அறையிலே நூல்நிலையம் திறந்துவைக்கப்பட்டது. அன்று அங்கிருந்த நூல்களின் தொகை 844. அவற்றுடன் ஏறக்குறைய முப்பது பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் இருந்தன.

844 நூல்கள் என்பது இக்காலத்திலே ஒரு கல்லூரி ஆசிரியரின் வீட்டிலும் இருக்கக்கூடிய தொகையே. ஆயினும் அவற்றுக்கும் வீட்டு நூல்களுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஆசுப்பத்திரி வீதியின் அவ்வறைக்குள் நுழைபவன் யாருடைய மகன், எவ்வூரான், எச்சமயத்தான் என்று வினவாத நூல்கள் அவை. சாதி வேற்றுமை வலிமை பெற்றிருந்த ஒரு காலத்தில், ஒரே மேசையில் ஒரே நூலைப் பலரும் மாறி மாறிப் படிக்கலாம் என்னும் எண்ணமே பெரிய எண்ணமாகும். பொது என்னும் சொல்லுக்கு அவ்வறை ஒரு பொருள் கொடுத்தது.

நன்கொடையால் தொடங்கிய பணிகள் நன்கொடை வற்றியதும் நின்றுவிடுவதை நாடெங்கும் காணலாம். தொடங்கியவரின் ஊக்கம் குன்றும். செயலாளர் இடமாற்றம் பெற்றுச் செல்வார். அறை வாடகை நிலுவையாகும். முடிவில் நூல்கள் ஒரு பெட்டியில் அடைபட்டு யாரோ ஒருவர் வீட்டுக்குச் சென்று சேரும். யாழ்ப்பாண நூல்நிலையம் அக்கதிக்கு ஆளாகவில்லை. அது தோன்றி ஐந்து மாதங்களே கழிந்த நிலையில், 1935ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாம் திகதி, அக்காலத்து நகரசபை அதனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. குழுவினர் தாம் தோற்றுவித்த நிறுவனத்தைத் தம்முடையதென்று பற்றிக்கொள்ளாது சபையிடம் ஒப்படைத்தமை போற்றத்தக்கது. இவ்வரலாற்றின் உயிர்நிலை இவ்விடத்திலேயே உளது.

நகரத்தவர் செலுத்தும் வரிப்பணத்தில் ஒரு பகுதி நூல் வாங்கச் செல்ல வேண்டும் என்னும் கொள்கை எளிதில் நிலைபெற்றதன்று. இங்கிலாந்திலே 1850ஆம் ஆண்டில் நிறைவேறிய பொது நூல்நிலையச் சட்டம் நகரசபைகள் பவுணுக்கு அரைப்பென்னி வரி விதிக்க இடங்கொடுத்தது. ஆனால் அவ்வரிப்பணத்தில் ஒரு நூல்தானும் வாங்குதல் கூடாது என்று தடுத்தது. கட்டடம் வரியால் எழும், நூல்கள் நன்கொடையாக வரும் என்பது சட்டம் இயற்றியோரின் எதிர்பார்ப்பு. ஐந்து ஆண்டுகளின் பின்னரே அத்தடை நீங்கியது. தமிழகத்திலே 1948ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, நூலக வரிக்கு வழி வகுத்தது. அச்சட்டம் பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே யாழ்ப்பாண நகரசபை நூல்நிலையத்தைத் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது. வீதியைத் திருத்துவதும் விளக்கேற்றுவதும் சந்தையைத் துப்புரவு செய்வதும் போல, நூல் வாங்குவதும் ஒரு சபையின் வேலை என்பது அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

அடுத்த ஆண்டு நூல்நிலையம் நகரமண்டபத்துக்கு அருகிலுள்ள ஒரு கட்டடத்துக்கு மாறியது. வாசகர் தொகை பெருகியது, நூல்கள் பெருகின, இடம் மட்டும் பெருகவில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தின் நெருக்கடிகளையும் அது அங்கிருந்தே கடந்தது. 1949ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மாநகரசபை என்னும் தகுதியைப் பெற்றது. அதன் முதல் மேயராக விளங்கிய சாம் சபாபதி, நகரத்தின் தகுதிக்கேற்ற ஒரு நூல்நிலையம் வேண்டுமெனக் கருதினார். அவருக்குத் தோள் கொடுத்தவர் அயர்லாந்து தேயத்திற் பிறந்து, யாழ்ப்பாணத்திலே வாழ்ந்து, புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராகப் பல்லாண்டு பணிபுரிந்த லோங் அடிகளார். மேயரையும் அடிகளாரையும் ஊரிலுள்ள பல சமயத்தவரையும் கொண்ட குழு ஒன்று பணி தொடங்கியது.

பெருங் கட்டடத்துக்குப் பெரும்பணம் வேண்டும். மாநகரசபையின் வருவாய் அதற்குப் போதாது. ஆகவே ஊரார் கைக்கொண்ட வழி ஊரார்க்குப் பழக்கமான வழியே. களியாட்ட விழா நடத்தினர். ஆடல் பாடல் நிகழ்ச்சிகள் வைத்தனர். அதிர்ட்டலாபச் சீட்டு விற்றனர். நூல் வாசிப்பதில் நாட்டமில்லாதவரும் ஒரு சீட்டு வாங்கினர். களியாட்டம் காணப் பிள்ளை குட்டிகளோடு வந்தவரும் நுழைவுக்காசு கொடுத்தனர். அக்காசெல்லாம் சுவராகவும் தூணாகவும் மாறியது. பின்னாளில் யாழ்ப்பாணத்து முதியவர் பலர் அக்கட்டடத்தைச் சுட்டி அதில் தமக்கும் ஒரு கல் உண்டு என்று சொல்லக் காரணம் இதுவே. அரசன் ஒருவன் கட்டிய மண்டபத்தைப் பற்றி எவரும் அவ்வாறு சொல்வதில்லை.

கட்டடத்தை அமைக்கத் தொடங்குமுன் அறிந்தோரைக் கேட்டறியும் முறை கைக்கொள்ளப்பட்டது. இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. கணித ஆசிரியராக இருந்து, 1924ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், நூல்களை வகைப்படுத்தும் புதிய முறையொன்றை வகுத்து, 1933ஆம் ஆண்டில், அதாவது செல்லப்பா தம் வேண்டுகோளை விடுத்த அதே ஆண்டில், வெளியிட்டவர். நூல்நிலையம் ஒரு நாளும் முற்றுப்பெறாது வளர்ந்துகொண்டே செல்லும் இயல்பினது என்பது அவர் கோட்பாடுகளுள் ஒன்று. கட்டடத்தின் வரைபடத்தைச் சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் வி. எம். நரசிம்மன் திராவிடச் சிற்ப மரபினைத் தழுவி ஆக்கினார். கோட்டைக்கும் முற்றவெளிக்கும் அண்மையில், மணிக்கூட்டுக் கோபுரம் காணும் தொலைவில், அதற்கான இடம் தெரிவு செய்யப்பட்டது.

1954ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் ஒருவரல்லர். மேயரும் லோங் அடிகளாரும், இந்திய, பிரித்தானிய, அமெரிக்க அரசுகளின் பிரதிநிதிகளும் தனித்தனியே கல் வைத்தனர். ஐந்து ஆண்டுகள் கழிந்து, 1959ஆம் ஆண்டில், கட்டடத்தின் முதற் பகுதி நிறைவெய்தி, அப்போதைய மேயர் அல்பிரட் துரையப்பாவினால் திறந்துவைக்கப்பட்டது. வெண்ணிறச் சுவர்களும் நடுவே குவிந்தெழுந்த மாடமும் கொண்டு அது நகரத்தின் முகமாக விளங்கியது.

அரங்கநாதன் கூறியவாறே நூல்நிலையம் வளர்ந்தது. 1967ஆம் ஆண்டில் சிறுவர் பகுதி திறக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டில் கேட்போர் கூடம் அமைந்தது. காலையிற் பத்திரிகை பார்க்க வரும் ஓய்வூதியகாரர், நண்பகலில் உசாத்துணைப் பகுதியிலே குறிப்பெடுக்கும் ஆசிரியர், பாடசாலை விட்டதும் சீருடையோடு வந்து சேரும் மாணவர் எனப் பலருக்கும் அது இடமாயிற்று. வீட்டிலே விளக்கு வசதியும் தனியறையும் இல்லாத மாணவன் அங்கே மின்விளக்கின் கீழ் அமர்ந்து பரீட்சைக்குப் படித்தான். அவ்வாறு படித்து உயர்தொழில் பெற்றோர் பின்னர் தம் நூல்களையே அங்கு வழங்கினர். கற்றோர் குடும்பங்கள் தம் முன்னோர் தொகுத்த நூல்களையும் ஏடுகளையும் வீட்டிலே வைத்திருப்பதிலும் பார்க்க அங்கே வைப்பது பாதுகாப்பெனக் கருதி ஒப்படைத்தன. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயரால் ஒரு தொகுதியும், மற்றும் பல அறிஞர் தொகுதிகளும் அவ்விதம் சேர்ந்தன. பழைய பத்திரிகைகளின் கட்டுக்கள், சித்த வைத்திய ஏடுகள், வேறெங்கும் பிரதி காணக் கிடையாத சிறு வெளியீடுகள் ஆகியனவும் இருந்தன. 844 நூல்களோடு தொடங்கிய நிலையம் அரை நூற்றாண்டுக்குள் ஏறக்குறைய 97,000 நூல்களை உடையதாயிற்று.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் அண்மித்திருந்தது. தேர்தற் கடமைக்கென வெளியிடங்களிலிருந்து பொலிஸார் பெருந்தொகையாக நகரில் நிறுத்தப்பட்டிருந்தனர். மே 31ஆம் திகதி தேர்தற் கூட்டமொன்றில் பொலிஸார் சுடப்பட்டதைத் தொடர்ந்து நகரிலே பெருங் கலவரம் மூண்டது. கடைகளும் வீடுகளும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டன. அந்நாட்களில் ஓரிரவு, பொலிஸாரையும் உள்ளடக்கிய கூட்டத்தினர் நூல்நிலையத்துக்குத் தீ வைத்தனர். தீ இரவு முழுவதும் எரிந்தது. விடிந்தபோது சுவர்கள் மட்டும் நின்றன. பன்மொழி அறிஞரும் தமிழ்ச் சொற்களின் வேர்களை ஆராய்வதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவருமான தாவீது அடிகளார், பத்திரிசியார் கல்லூரி மாடியில் நின்று அத்தீயைக் கண்ணுற்றார். அவ்வதிர்ச்சியைத் தாங்காது அவர் உயிர் நீத்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 2016ஆம் ஆண்டிலே, நாட்டின் பிரதமர் இச்செயலுக்காகப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

இழந்தவற்றை இரு வகையாகப் பிரித்து நோக்குதல் தகும். 97,000 நூல்களிலே பெரும்பாலானவை அச்சு நூல்கள். அவற்றுக்குப் பிரதிகள் வேறிடங்களில் இருந்தன. பணம் கொடுத்தும் அன்பர்களிடம் கேட்டும் அவற்றை மீண்டும் பெறலாம். மற்றொரு வகை, ஒரே பிரதியாக இருந்தவை. ஒரு வைத்தியர் பரம்பரையினர் தம் கைப்பட எழுதிய ஏடு, ஓர் ஊர்க் கோயிலின் பழைய கணக்கு, ஐம்பது பிரதிகளே அச்சிடப்பெற்று நாற்பத்தொன்பதும் அழிந்துபோன ஒரு துண்டுப்பிரசுரம் ஆகியவை இவ்வகையின. இவற்றை எந்தச் செல்வத்தாலும் மீட்க முடியாது. பாதுகாப்பென்று நம்பித் தம் வீட்டு ஏடுகளைக் கொண்டுவந்து கொடுத்த குடும்பங்களுக்கு, அவை பரணிலேயே இருந்திருக்கலாமே என்னும் துயரமும் உடன் சேர்ந்தது.

இதற்கு யாழ்ப்பாண வைபவமாலை ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1736ஆம் ஆண்டளவில், ஒல்லாந்து அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண அரசின் வரலாற்றை அந்நூலாக எழுதினார். அதன் பழைய ஏட்டுப்பிரதியும் தீயில் எரிந்தவற்றுள் ஒன்று என்பர். ஆயினும் அந்நூல் அழியவில்லை. 1879ஆம் ஆண்டிலேயே பிறிற்றோ என்பவர் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். தமிழ் மூலமும் அச்சேறியிருந்தது. பின்னர் குல. சபாநாதன் அதனை ஆராய்ச்சிக் குறிப்புக்களோடு பதிப்பித்தார். ஓலை எரிந்தது, நூல் எஞ்சியது. அதன் பக்கத்தே இருந்து அச்சேறாது போன ஏடுகளின் பெயர்களைக்கூட இன்று முழுமையாகச் சொல்வார் இலர். தீயிலிருந்து வைபவமாலையைக் காத்தவர்கள், தீ மூளுவதற்கு நூறாண்டுக்கு முன்னரே அதனைப் பிரதி செய்து அச்சிட்டவர்களே.

எரிந்த கட்டடத்தை மீண்டும் எழுப்பும் பணி உடனே தொடங்கியது. நிதி திரட்டப்பட்டது, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நூல்கள் வந்தன. கட்டடத்தின் ஒரு பகுதி திருத்தப்பெற்று 1984ஆம் ஆண்டில் மீண்டும் வாசகர்க்குத் திறக்கப்பட்டது. ஆனால் கோட்டையை அடுத்த அப்பகுதி அடுத்த ஆண்டுமுதல் போர்க்களமாயிற்று. நூல்நிலையம் இரண்டாம் முறை சிதைந்தது. ஷெல்லும் குண்டும் துளைத்த சுவர்களோடு பல்லாண்டு பாழ்பட்டு நின்றது. எரிந்த சுவர்களை அவ்வாறே நினைவுச் சின்னமாக விட்டு, அயலிலே புதிய நூல்நிலையம் அமைக்கலாம் என்று கருதினாரும் உளர். காயத்தை மறைத்துவிட்டால் வருங்காலத்தார் அதனை மறந்துவிடுவர் என்பது அவர்கள் வாதம். படிக்க வரும் பிள்ளைக்குக் கரிந்த சுவரிலும் பார்க்க அடுக்கிய நூல்களே வேண்டும் என்பது மற்றவர் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது.

1998ஆம் ஆண்டளவில் அரசாங்கம் புத்தகமும் செங்கல்லும் என்னும் பெயரில் நாடெங்கும் ஓர் இயக்கம் நடத்தி, நூல்களையும் நிதியையும் திரட்டி, பழைய வடிவிலேயே கட்டடத்தை மீளக் கட்டுவித்தது. வேலை 2001ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. 2003ஆம் ஆண்டு தொடக்கத்திலே திறப்பு விழா ஏற்பாடான போது எதிர்ப்பெழுந்தமையால் விழா நடைபெறவில்லை. பின்னர் ஆரவாரமின்றிக் கதவுகள் திறந்தன. வாசகர் உள்ளே சென்றனர். செல்லப்பாவின் வீட்டிலும் திறப்பு விழா எதுவும் நடந்திருக்க நியாயமில்லை.

இன்று அக்கட்டடம் முன்போலவே வெண்மை பூண்டு நிற்கின்றது. முன்புறத்தே வீணையேந்திய சரசுவதியின் சிலை அமர்ந்திருக்கின்றது. உள்ளே பத்திரிகை பார்ப்போரும் பரீட்சைக்குப் படிப்போரும் முன்போலவே அமர்ந்திருக்கின்றனர். நிலையம் மாநகரசபையின் பொறுப்பிலேயே உளது. 1935ஆம் ஆண்டிலே செய்த அவ்வொப்படைப்பு, ஆட்சி மாற்றங்களையும் யுத்தத்தையும் கடந்து நிலைத்திருக்கின்றது.

இவ்வரலாறு புகட்டும் பாடம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு பொது நூல்நிலையம் நிலைபெற மூன்று செயல்கள் வேண்டும். முதலாவது, தம்மிடமுள்ள நூலைப் பிறர்க்குக் கொடுக்கும் மனமுடைய ஒருவர் வேண்டும். இரண்டாவது, அவர் தொடங்கியதைத் தன் கடமையாக ஏற்று, ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து நூல் வாங்கித் தரும் ஒரு சபை வேண்டும். இவ்விரண்டும் யாழ்ப்பாணத்துக்கு உரிய காலத்தே வாய்த்தன. மூன்றாவது, அங்கே ஒரே பிரதியாக உள்ள ஒவ்வொன்றையும் பெயர்ப்பட்டியலில் ஏற்றி, பிரதி செய்து, வேறோரிடத்திலும் வைத்தல். முன்னோர் ஏடு பழுதாகுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியதும் இக்கருத்துப் பற்றியே. அச்சு வந்தபின் பெயர்த்தெழுதும் அவ்வழக்கம் கைவிடப்பட்டது; அச்சேறாதவை தனித்து நின்றன; தனித்து நின்றவை எரிந்தன.

இக்குறையை உணர்ந்த இளைஞர் சிலர் 2005ஆம் ஆண்டிலே நூலகம் என்னும் மின்னூலகத் திட்டத்தைத் தொடங்கினர். ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஏடுகளையும் ஒளிப்பிரதி செய்து, எந்நாட்டவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு கணினிவழி வழங்கும் பணி அது. ஒரு கட்டடத்தில் மட்டும் இருக்கும் நூலுக்கு ஒரு தீப்பொறி போதும். பல நாடுகளில் பிரதியாக உள்ள நூலை ஓரிரவிலே அழித்தல் அரிது. அப்பணிக்கும் தொடக்கமாக வேண்டியது, வீட்டிலுள்ள ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கும் மனமே.

இலங்கையின் பல ஊர்களிலே இன்னும் எத்தனையோ வீடுகளில் பழைய ஏடுகளும், பாட்டனார் எழுதிய குறிப்பேடுகளும், ஊர்ச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளும், நிறுத்தப்பட்ட சஞ்சிகைகளின் இதழ்களும் கிடக்கின்றன. அவை வீடு வெள்ளையடிக்கும் நாளிலோ, குடும்பம் இடம்பெயரும் நாளிலோ குப்பையிற் சேருமுன், அவ்வவ்வூர் நூல்நிலையத்தவர் சென்று கேட்டல் வேண்டும். வீட்டார் கொடுத்தல் வேண்டும். கொடுத்ததைப் பிரதி செய்து மூலத்தை அவர்களிடமே மீள ஒப்படைக்கும் வழியும் இன்று உண்டு. 1934ஆம் ஆண்டில் ஆசுப்பத்திரி வீதியின் சிறிய அறைக்குத் தத்தம் நூல்களைக் கொணர்ந்து சேர்த்த அன்பர்கள், தாம் கொடுத்தது 97,000 ஆகப் பெருகும் என்றும், அது எரியும் என்றும், மீண்டும் எழும் என்றும் அறிந்திலர். தம்மிடமுள்ள நூல் மற்றொருவர்க்கும் பயன்பட வேண்டும் என்பது ஒன்றே அவர்கள் அறிந்தது. ஒரு நூல்நிலையத்தைத் தொடங்குவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.